செவ்வாய்க்கிழமைப் புள்ளிகள்

விழித்திரைக்கு வலி தெரியாது. நகக்கண்ணில் ஒரு சிலாம்பு ஏறினால் உயிர் போகிறது. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய சவ்வுக்குள் ஒரு புழு புகுந்து மாதக்கணக்கில் நடமாடினாலும் சின்ன உறுத்தல்கூட இருக்காது. வெளிச்சம், இருட்டு இரண்டைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும். தன்னை அழித்துக்கொண்டிருப்பதைக்கூட அது ஒரு நிழலாகத்தான் காட்டும்.

அந்த நிழலைப் பூங்கோதை ஒரு காலண்டரில் பிடித்து வைத்திருந்தார்.

நவம்பர் பதினாறு, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. நத்தைப் பண்ணையின் பரிசோதனை அறையில் மறுநாளுக்காக லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடல் உள்ளே வந்து திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட வயல்களில்தான் பண்ணை. நெல் போன இடத்துக்கு நத்தை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. நத்தை மாவு கலக்காத இட்லியை இப்போது எந்த ஊரிலும் பார்க்க முடியாது. நானூற்றுப் பத்துப் பேர் தொட்டிகளில் இறங்கி வேலை செய்கிறார்கள். நத்தையோடு புழுவும் வரும்; உடம்பில் புகுந்தால் கண் வரை போகும். அதனால் வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, எல்லோருடைய விழித்திரையையும் படம் எடுக்க வேண்டும் என்று சட்டம். படம் எடுக்கும் இயந்திரத்தை வடிவமைத்தவன் நான். அதற்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தேன். அவர்கள் அதைப் 'பொட்டி' என்றார்கள். நான் 'பொட்டி சார்' ஆனேன்.

"பொட்டி சார், கதவச் சாத்திக்கிடவா?"

பூங்கோதை முட்டைப் பிரிவில் இருப்பவர். முத்து போன்ற நத்தை முட்டைகளில் உயிருள்ளதையும் செத்ததையும் நிறத்தை வைத்துப் பிரிப்பது அவர் வேலை. வலது கண் சிறு வயதிலிருந்தே சரியில்லை. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. இடது கண்தான் எல்லாம். அந்த இடது கண்ணில் ஏதோ மறைக்கிறது என்று இரண்டு முறை புகார் கொடுத்திருந்தார். இரண்டு முறையும் பொட்டி 'சுத்தம்' என்றது. மூன்றாவது முறையும் சுத்தம் என்று வந்தால் பொய்ப் புகார் என்று எழுதி வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பதினொரு பேர் போயிருந்தார்கள்.

"மறுபடியும் புகாரா?" என்றேன்.

"புகாருன்னா எழுதிருவிய. நான் சும்மா ஒன்னு காட்ட வந்தேன்."

முந்தானைக்குள்ளிருந்து சுருட்டிய காலண்டரை எடுத்து மேசைமேல் விரித்தார். பாத்திரக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர். பெரிய பெரிய கட்டங்கள். நவம்பர் தாள் முழுவதும் நீல மையில் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு தேதி.

"வேலை முடிஞ்சு கைகால் கழுவுனதும், வலது கண்ணப் பொத்திக்கிட்டு நடுக் கட்டத்துல இருக்குற பதினெட்டயே பாப்பேன் சார். பாத்துக்கிட்டே இருந்தா எங்கயாவது ஒரு எடத்துல கோடு நெளியும். அந்த எடத்துல புள்ளி. பக்கத்துல அன்னைக்குத் தேதி."

எனக்குச் சிலிர்த்தது. கண் மருத்துவர்கள் இதற்கென்றே கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். விழித்திரை எங்கே கசங்கியிருக்கிறதோ அங்கே நேர்க்கோடும் கசங்கித் தெரியும். அதையே இவர் பாத்திரக்கடைக் காலண்டரில் செய்திருக்கிறார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதப் பொறவு சொல்றேன். மொதல்ல இதப் பாருங்க. இது ஊருது சார்."

பார்த்தேன். ஞாயிறு, திங்கள், புதன் என மற்ற நாள்களில் வைத்த புள்ளிகள் ஒரு விரல் அகலத்துக்குள் இங்குமங்கும் கிடந்தன. எந்த ஒழுங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் புள்ளிகள் மட்டும் வேறு மாதிரி. மூன்றாம் தேதி ஒரு தாவல். பத்தாம் தேதி ஒரு தாவல். இரண்டும் ஒரே திசையில், பதினெட்டை நோக்கி.

"செவ்வாக்கெழம மட்டும் அதுக்கு என்ன சார் அவசரம்?"

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன். செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பொட்டி ஒரு கண்ணை ஒன்பது படம் எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கு வேறு கோணத்திலிருந்து அடிக்கும். எட்டு விளக்கு ஓரங்களிலிருந்து, ஒன்று நேராக நடுவில். நடு விளக்கு அடித்தால் கண் கூசி, கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. அதனால் அதைக் கடைசியில் வைத்தேன். படம் முடிந்ததும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விடலாம் அல்லவா. அவர்கள்மேல் இருந்த கரிசனத்தில் செய்தது.

"இந்தப் புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது," என்றேன்.

"ஆவாதுன்னா?"

"பட்டா ஓடும்."

"நீங்க ஓரத்துல அடிச்சா?"

பொட்டியின் எட்டு ஓர விளக்குகளையும் தொட்டுக் காட்டினேன். அவரே சொன்னார்.

"எட்டுப் பேரு சுத்தி நின்னு கோழிய நடு முத்தத்துக்கு வெரட்டுற மாதிரி."

"ஆமா. கடைசியா அடிக்கிற ஒரு நடு விளக்கு அதத் திருப்பி விரட்டப் பத்தாது."

"சரி, வெரட்டுறதுதான் வெரட்டுறிய, படத்துல ஏன் அது விழமாட்டேங்குது?"

இதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். விளக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். இமை முடி, கண்ணீர்த் துளி, விளக்கின் பளபளப்பு இவையெல்லாம் படத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். எனவே ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்பதிலும் ஒரே இடத்தில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள். இடம் மாறுவதை எல்லாம் அழித்துவிடு. வருவது கண்ணாடி போன்ற ஒரே படம். இடம் நிறையப் பிடிப்பதால் பழைய ஒன்பதையும் பொட்டி தூக்கிப் போட்டுவிடும்.

"பஸ் ஸ்டாண்ட ஒன்பது தடவ படம் எடுத்து, ஒன்பதுலயும் இருக்குறத மட்டும் வெச்சா எப்படி இருக்கும்? கட்டடம் இருக்கும், மரம் இருக்கும்."

"ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"இருக்க மாட்டாங்க."

"பஸ் ஸ்டாண்டுல யாருமே இல்லன்னு எழுதிருவிய." பூங்கோதை பொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு சார் உங்க பொட்டி."

கடைசிச் செவ்வாய்ப் புள்ளிக்கும் பதினெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. விழித்திரையின் நடுவில், மிளகில் பாதி அளவுகூட இல்லாத ஒரு குழி இருக்கிறது. எழுத்து, முகம், முட்டையின் நிறம் எல்லாம் அந்தக் குழியின் வேலை. மற்ற இடங்களெல்லாம் ஏதோ வருகிறது, ஏதோ போகிறது என்று சொல்வதற்குத்தான். அந்தக் குழி போனால் பூங்கோதைக்கு எதிரில் இருப்பவரின் மூக்கு இருக்கும் இடத்தில் ஓர் ஓட்டை தெரியும். ஆயுள் முழுக்க.

மறுநாள் செவ்வாய்.

மருத்துவர் ஷமீமாவை அழைத்தேன். நாகப்பட்டினத்தில் கண் மருத்துவம் பார்க்கிறவர். "பொட்டியோட வாங்க," என்றார், இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு. பிறகு பண்ணை மேலாளரை அழைத்தேன்.

"பொட்டி சுத்தம்னு சொன்ன ஆள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, பொட்டி பொய்யின்னு ஆயிருமே சார்?"

"ஆகட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அது நீங்க செஞ்ச பொட்டி."

வேனின் பின்னிருக்கையில் பொட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டினேன். முன்னால் பூங்கோதை காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்பு பூத்த நிலம் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு அங்க என்ன சார் சாப்பாடு? கண்ணத் திங்குதா?"

"திங்கிறது கொஞ்சம்தான். போற வழியெல்லாம் கழிவு விடும். அத விரட்ட நம்ம உடம்பு வீங்க வைக்கும். அந்த வீக்கத்துல வெளிச்சம் வாங்குற செல்லெல்லாம் செத்துப்போகும். செத்தது திரும்ப வளராது."

"ஓஹோ. அது கொஞ்சம் கடிக்குது, மிச்சத்த நம்ம ஆளுங்களே கொளுத்திடுறாங்க."

"அதேதான்."

"கொன்னுற முடியும்ல?"

"லேசர்ல சுடலாம். ஒரு வினாடி. ஆனா புழு இருக்குற இடமும் சேர்ந்து வெந்துடும்."

அவர் காலண்டரின் பதினெட்டில் விரலை வைத்தார். "நடுவுல இருந்தா சுட முடியாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் வெரசாப் போங்க சார்."

ஷமீமா அறையை இருட்டாக்கி, மங்கலான சிவப்பு விளக்கில் பார்த்தார். சிவப்பு அந்தப் புழுவுக்கு அவ்வளவாக உறைக்காது. மெல்லத் தலையைத் தூக்கினார்.

"இருக்கு. வெள்ளை நூல் மாதிரி சுருண்டு கெடக்கு. வந்து பாருங்க."

நான் பார்த்தேன். தாமரை இலையின் நரம்புகளைப் போலச் சிவப்பு ரத்தக்குழாய்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை வளைவு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்து மறுபக்கம் வளைந்தது. சோம்பல் முறிப்பது போல. பின்னால் சாம்பல் நிறத்தில் சில புள்ளிகள், கால்தடம் மாதிரி.

"இந்தத் தடத்தக்கூடவா உங்க பொட்டி பாக்கல?" என்றார் ஷமீமா.

"தடம் ஒரு வாரத்துல மங்கிடும். ரெண்டு வாரம் ஒரே இடத்துல இல்லாத புள்ளியத் தூசின்னு கழிச்சிடும்."

"கழிக்கிறதுல கெட்டிக்காரப் பொட்டிதான்." அவர் சக்கரம் வைத்த முக்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தார். "இப்ப சுட்டா நடுவும் சேர்ந்து வெந்துரும். மூக்குப் பக்கம் ஓடினா நரம்பு இருக்கு, அங்கயும் தொட முடியாது. காது பக்கம் கொண்டுவாங்க. அங்க ஒரு கடுகளவு எடம் போனா அக்காவுக்குத் தெரியவே தெரியாது."

பொட்டியின் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். இப்போது நடு விளக்கு முதலில். மூக்குப் பக்க விளக்குகள் அடுத்து. காதுப் பக்கம் மட்டும் இருட்டு. படம் எடுக்க வேண்டாம், சராசரி வேண்டாம். விரட்டினால் போதும்.

ஆனால் பெரிய விளக்கு அடிக்கும்போது ஷமீமாவால் உள்ளே பார்க்க முடியாது. புழு எங்கே போகிறது என்பதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். எதிர்ச் சுவரில் காலண்டரை மாட்டினோம்.

"நிழல் எங்க போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க," என்றேன்.

"அதத்தானே சார் ரெண்டு மாசமாச் சொல்றேன்."

அடித்தேன். கூச்சம் அடங்கக் கொஞ்சம் பொறுத்து, "மேல போவுது," என்றார். அடித்தேன். "அங்கேயே நிக்குது. பிடிவாதக்காரக் கழுத." அடித்தேன். அரை மணி நேரம் இப்படியே போனது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

கண்ணின் லென்ஸ் எல்லாவற்றையும் புரட்டிப் போடும். காலண்டரில் மேலே தெரிகிற நிழல் கண்ணுக்குள் கீழே இருக்கிறது. காலண்டரில் வலது என்றால் உள்ளே இடது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியவன் நான். ஆனாலும் அவசரத்தில் கை மறந்துவிட்டது. "மேல போவுது" என்று அவர் சொன்னதும் அதை முந்திக்கொண்டு தடுக்க மேல் விளக்கைத் தட்டினேன். நிழல் மேலே போனால் உள்ளே புழு கீழே இறங்குகிறது; தட்ட வேண்டியது கீழ் விளக்கு.

"ஐயோ! சார்! நடுவுக்கு வருது! பதினேழத் தொட்டுருச்சு!"

"கை எடுங்க!" ஷமீமா கத்தினார்.

கை எடுத்தேன். பூங்கோதை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டு பதினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் நிதானமாக. "நீங்க யோசிக்காதிய. எந்த வெளக்குக்கு எங்க ஓடுதுன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. இனி நான் நிழலப் பத்திச் சொல்லல, வெளக்கப் பத்திச் சொல்றேன். கீழ் வெளக்க அடிங்க."

அடித்தேன்.

"இப்ப நடு வெளக்கு. இன்னொன்னு. நகருது. வெள்ளிக்கெழம வரிசைக்குப் போயிருச்சு. மூக்குப் பக்கம் ஒன்னு. சனிக்கெழம. ஏழாந்தேதிக்கு மேல போயிட்டு. இப்ப... இப்ப தாளு ஓரத்துல நிக்குது."

பொட்டியை விலக்கினேன். ஷமீமா சிவப்பு விளக்கோடு குனிந்தார். "அசையாதீங்க அக்கா." ஒரு சின்னச் சத்தம், சுவிட்ச் போடுவது போல. இன்னும் இரண்டு.

"நின்னுருச்சு," என்றார் பூங்கோதை.

பத்து நிமிடம் காத்திருந்தோம். நிழல் நகரவில்லை. ஏழாம் தேதிக்கு மேலே, காலண்டரின் ஓரத்தில், ஒரு சின்னக் கறுப்பு. அது இனி அங்கேயே இருக்கும். பதினெட்டின் எட்டில் இருந்த இரண்டு வளையங்களும் தெளிவாகத் தெரிகின்றன என்று இரண்டு முறை சொன்னார். பிறகு ஷமீமாவின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொன்னார். சரியாக இருந்தது.

திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டியல்ல." காலண்டரின் தாள்களைப் பின்பக்கமாகப் புரட்டினார். அக்டோபரிலிருந்து ஜூன் வரை வெறுமை. மே தாளில் நிறுத்தினார். பச்சை மையில் புள்ளிகள், பக்கத்தில் தேதிகள். "குவாட்டர்ஸுல எனக்கு முன்னாடி இருந்தவரு விட்டுட்டுப் போன காலண்டரு. பொறப்பட்ட அன்னைக்குக் கழட்ட மறந்துட்டாரு போல. பழைய நாள் ஒன்னு பாக்கப் பொரட்டுனேன். பாத்தா, எனக்கு நடக்குறது இங்க ஏற்கெனவே எழுதியிருக்கு."

வேனை ஓரமாக நிறுத்தி, ஜனவரி வரை புரட்டிப் பார்த்தேன். ஜனவரியில் தாளின் விளிம்பில் தொடங்கிய பச்சைப் புள்ளிகள், செவ்வாய்க்குச் செவ்வாய் தாவி, மே பத்தொன்பதில் நடுவிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்கு வந்திருந்தன. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"பேரு காத்தமுத்து," என்றார் பூங்கோதை. "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. உயரமான மனிதர், தொட்டி சுத்தம் செய்கிறவர். ஒரே ஒரு முறை புகார் சொல்லிக்கொண்டு வந்தார். உட்காரவைத்து, திரையில் அவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டி, ஒன்பது படம் எப்படி ஒரு படம் ஆகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பேருந்து நிலைய உதாரணம் அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுபடி வரவில்லை. விரட்டப்பட்ட பதினொரு பேரில் அவர் பெயர் இல்லை. அவராகவே ஆகஸ்டு கடைசியில் விலகிக்கொண்டார் என்று பதிவேடு சொன்னது.

அந்த வாரமே எல்லாப் பொட்டிகளிலும் விளக்கு வரிசையை மாற்றினேன். சராசரியை நிறுத்தி ஒன்பது படங்களையும் தனித்தனியாகப் பார்த்தோம். நானூற்றுப் பத்துப் பேரில் இன்னும் ஆறு பேருடைய கண்ணில் வெள்ளை நூல் இருந்தது. விரட்டப்பட்டவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினேன். விசாரணை தொடங்கியது. என்னையும் விசாரித்தார்கள். எதையும் மறைக்கவில்லை. ஆனால் எந்த அறையில் உட்கார்ந்து பதில் சொன்னாலும் அந்த மே மாதத் தாள் என் பையில் இருந்தது.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் தோப்புத்துறையில் காத்தமுத்துவைக் கண்டுபிடித்தேன். தங்கை வீட்டு வாசலில், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைச் சற்று ஒதுக்கித் திருப்பினார். ஒரு கண்ணில் நடுப் பார்வை போனவர்கள் நல்ல கண்ணை முன்னால் கொண்டுவந்துதான் பார்ப்பார்கள். போன கண்ணால் நேராகப் பார்த்தால் ஆள் மறைந்துவிடுவார்.

"வாங்க பொட்டி சார். இடது கண்ணுல உங்க மொகம் தெரியாது, காது மட்டும் தெரியும். வலது கண்ணுல பாத்துக்கிடுறேன்."

மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னேன். விளக்கு, புழு, ஒன்பது படம், எல்லாம். அன்றைக்கு விளக்கியதை இன்று திருப்பிப்போட்டு விளக்கினேன். அவர் அன்று மாதிரியே தலையாட்டிக்கொண்டு கேட்டார். தாளை விரித்தேன்.

"புள்ளி மே பத்தொம்போதோட நிக்குது. அன்னைக்குத்தான் பார்வை போச்சா?"

"இல்ல சார். பார்வ போனது ஆகஸ்டு பதினொன்னு."

"பிறகு ஏன் புள்ளி வைக்கல?"

கயிறு முறுக்கிய கை நின்றது.

"மறுநாள்தானே உங்ககிட்ட வந்தேன். நீங்க படத்தக் காட்டுனிய. அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. ஒரு தூசி இல்ல. எப்படி வேல செய்யுதுன்னு வேற அழகாச் சொன்னிய. இவ்வளவு தெரிஞ்ச மனுசன் சொல்றாரு, கண்ணு நல்லா இருக்கு, மனசுதான் சரியில்லன்னு நெனச்சேன். புள்ளி வெக்க வெக்கத்தான் அது தெரியுது போலன்னு விட்டுட்டேன்."

தங்கையின் வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் தேதி அது இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. பூங்கோதைக்கு இருந்த அதே இரண்டு விரல்.

"ஆனா பாக்காம இருக்க முடியுமா?" என்றார் காத்தமுத்து. "தெனமும் பாத்தேன். புள்ளி வெக்கல, அவ்வளவுதான். எல்லாம் ஞாபகம் இருக்கு." வலது உள்ளங்கையை நீட்டினார். "பேனா வெச்சிருக்கியளா?"

கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. என் கையை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நீங்க வைங்க. நான் சொல்றேன். மே இருவது, நடுக் கட்டத்துலேருந்து எடது கைப் பக்கம், ஒரு நெல்லு அளவு கீழ."

வைத்தேன். தேதி எழுதினேன். அடுத்ததைக் கேட்கப் பேனாவைத் தூக்கினேன்.

"அவசரப்படாதிய சார்," என்றார். "ஆகஸ்டு வரைக்கும் இருக்கு."